நரை... திரை... சித்தப்பா!

உழவன் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூரை நெருங்கும்போது, பல் தேய்த்துக்கொண்டே ரயில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். இரண்டு புருவங்களுக்கும் நடுவில், யாரோ பால்பாயிண்ட் பேனாவால் '11' என்று எழுதி வைத்தது போல இரண்டு கோடுகள். தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. சொந்தக் கோடுகள்தான்.

வயது முப்பத்தைந்து. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரவில் இந்த மாதிரி எதையாவது எழுதுகிறேன். இந்தப் பதினொன்றால் எனக்கு ஆபீஸில் ஏக நஷ்டம். "ஏன் சார் எப்பவும் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த மாதிரியே இருக்கீங்க?" என்று மேனேஜர் கேட்கிறார். சந்தோஷமாக இருக்கும்போதுதான் கேட்கிறார் என்பது கூடுதல் கொடுமை. பக்கத்து சீட் பையன் ஒரு நாள் ரகசியமாகக் காதில் சொன்னான்: "போடாக்ஸ் போட்டுக்குங்க சார். இப்பல்லாம் ஆம்பிளைங்களும் போட்டுக்கறாங்க. அதுக்கு ப்ரோடாக்ஸ்னு தனிப் பேரே இருக்கு."

ஆனால் நான் தஞ்சாவூர் போனது அதற்காக இல்லை. சித்தப்பாவுக்காக.

திருவையாறு பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று ஏக்கர் விவசாயம் பண்ணுகிறவர் சித்தப்பா. ஐம்பத்தெட்டு வயது. பரம சாது. நாலு வருடம் முன்னால் அவருடைய இடது கண் துடிக்க ஆரம்பித்தது. 'இடது கண் துடிச்சா ஆம்பிளைக்கு ஆகாது' என்று சித்தி கோயிலுக்கு விளக்குப் போட்டாள். துடிப்பு நிற்கவில்லை. கன்னத்துக்கு இறங்கி, வாய் ஓரம் வரைக்கும் வந்து, கடைசியில் நிமிஷத்துக்கு நாலு தரம் பளிச் பளிச்சென்று கண் மூடித் திறக்க ஆரம்பித்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு அது வியாதியாகத் தெரியாது. கண்ணடிப்பதாகத்தான் தெரியும்!

மாட்டுத் தரகர் ஒருவர், இவர் விலைக்குச் சம்மதம் என்று ஜாடை காட்டிவிட்டதாக நினைத்துக் கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். டவுன் பஸ்ஸில் ஓர் அம்மாள் குடையால் ஒன்று போட்டார். இதையெல்லாம் சித்தப்பாவே சிரித்துக்கொண்டு சொல்வார். சொல்லும்போதும் கண்ணடிப்பார்.

போன மார்கழியில் சித்தி போன் பண்ணியபோது சிரிப்பில்லை. "தம்பி, தையில நம்ம பாப்பாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்ல... உங்க சித்தப்பா மணவறைக்கு வரமாட்டேங்கிறாரு. அண்ணனே தாரை வார்த்துக் குடுத்துடட்டும், நான் சமையக்கட்டுல நிக்கிறேங்கிறாரு. பொண்ணைப் பெத்த அப்பன் சம்பந்தி வீட்டு ஜனங்களைப் பார்த்துக் கண்ணடிச்சா நல்லாவா இருக்கும்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

நானும் என்னத்தைச் சொல்ல? ஒரு நரம்பு டாக்டரிடம் தேதி வாங்கினேன். ரயில் ஏறினேன்.

* * *

திருவையாறிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 13 கிலோ மீட்டர். அதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். வேறு ஜில்லாக்காரர்கள் இதைக் கேட்டு வயிறு எரியலாம். தடுப்பதற்கில்லை. ஜனவரி முதல் வாரம் என்பதால் வாய்க்கால்களில் இன்னும் தண்ணீர் இருந்தது. (மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். டெல்டாவில் கல்யாணம், கடன், கோபதாபம் எல்லாம் இந்த இரண்டு தேதிகளுக்குள்தான்.) சம்பா கதிர் தலை சாய்ந்து நின்றது. திருவையாற்றில் ஆராதனைக்காகப் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார். பஸ்ஸில் ஏறினால் துண்டு என்பது குடை அடிக்குப் பிறகு வந்த பழக்கம்.

மருத்துவக் கல்லூரி சாலையில் இறங்கினால் இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன், மருந்துக் கடை, மறுபடி ஆஸ்பத்திரி. நாங்கள் போன கட்டடத்தின் மாடியில் நரம்பு டாக்டர். கீழே தோல் டாக்டர். கீழ் வாசலில் கண்ணாடி மாதிரி முகத்தோடு ஒரு பெண் படம். சித்தப்பா அதைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "இது யாருடா?" என்றார்.

"இவங்களும் உங்க ஊசியைத்தான் போட்டுக்கிட்டிருக்காங்க சித்தப்பா" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் உண்மை. மாடியில் சித்தப்பாவின் கண் துடிப்புக்குப் போடுவதும், கீழே நெற்றிச் சுருக்கத்துக்குப் போடுவதும் ஒரே மருந்துதான். பொட்டுலினம் டாக்ஸின். போடாக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பிராண்டு பெயர். ஜெராக்ஸ் மாதிரி, யார் தயாரித்தாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நரம்பு டாக்டர் நிதானமானவர். ஸ்கேன் எல்லாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. மூளையிலிருந்து முகத்துக்கு வரும் நரம்பின் மேல் ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் துடிப்பு. ஆபரேஷன் பண்ணி அதை விலக்கலாம். அது பெரிய வேலை. ஊசி போட்டால் மூன்று, நாலு மாசம் அடங்கியிருக்கும். பிறகு மறுபடி போட வேண்டும்.

"ஊசி என்னங்கய்யா பண்ணும்?" என்றார் சித்தப்பா.

"நரம்பு வழியா கட்டளை வந்து தசை சுருங்குது. நரம்போட முனையில ஒரு ரசாயனம் சுரந்தாத்தான் அந்தக் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும். இந்த மருந்து அதைச் சுரக்க விடாம அடைச்சிடும்."

"மடையை அடைக்கிற மாதிரி."

"ஆமா! சரியாச் சொன்னீங்க."

"அப்புறம் ஏன் மூணு மாசத்துல திரும்ப வருது? மடை ஒடைஞ்சிடுமா?"

"உடையாது. நரம்பு பக்கத்துல புதுசா முளை விட்டு வழி பண்ணிக்கும். கொஞ்ச நாள்ல பழைய வழியும் சரியாயிடும்."

"பக்கத்து வயக்காரன் ராவோட ராவா வாய்க்கா வெட்டிக்கிற மாதிரி" என்று முடித்தார் சித்தப்பா. அவருக்கு எதிரே டாக்டர் படித்த புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. இந்த உவமை எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது.

கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் மெல்லிய ஊசியால் நாலைந்து குத்து. பத்து நிமிஷம். "இன்னிக்கே நிக்காது. மூணு நாள்லேர்ந்து ஒரு வாரத்துக்குள்ள அடங்கும். நாலு மணி நேரத்துக்குப் படுக்காதீங்க, முகத்தைத் தேய்க்காதீங்க. கண் கொஞ்சம் உலரலாம், சிரிச்சா வாய் லேசா ஒரு பக்கம் இழுக்கலாம், பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

மருந்தின் பூர்வீகத்தை நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அடிப்படையில் இது விஷம். மனிதனுக்குத் தெரிந்த விஷங்களிலேயே மிகக் கடுமையானது. கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு பாக்டீரியா தயாரிப்பது. லத்தீனில் 'பொட்டுலஸ்' என்றால் ஒரு வகை மாமிசப் பண்டம், சாசேஜ். 1895-ல் பெல்ஜியத்தில் எல்செல் என்ற கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப் போன பாண்டு வாத்தியக்காரர்கள், பதம் போட்டு வைத்திருந்த பன்றி இறைச்சியைச் சாப்பிட்டு விழுந்தார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்பவர்தான் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சாவு, மேளக்காரர், விஷம் என்று ஒரு மனிதரிடம் பேச முடியுமா?

விஷமாச்சே என்று நீங்களும் பயப்பட வேண்டாம். சிகிச்சைக்குத் தருவது அணுப் பிரமாணம். ஆனால் தெரிந்த டாக்டரிடம், சரியான சரக்காக இருக்க வேண்டும். 2024-ல் அமெரிக்காவிலேயே போலி மருந்தும், தகுதியில்லாதவர்கள் போட்ட ஊசியும் சேர்ந்து சிலரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தன. முடி வெட்டுகிற இடத்தில் 'ஆஃபர்' என்று ஊசியை நீட்டினால் எழுந்து ஓடிவிடுங்கள். பாதி ஷேவிங்கோடு ஓடினாலும் தப்பில்லை.

* * *

நாலு மணி நேரம் படுக்கக்கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு படுக்காமல் இருப்பது தஞ்சாவூர் ஜில்லாக்காரருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசியுங்கள். சித்தப்பாவை அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வரிசையாக நின்று பார்த்ததுதானாம். அப்புறம் உரம் வாங்க, வக்கீலைப் பார்க்க என்று நூறு தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறார். உள்ளே போனதில்லை.

சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக் கூடத்தில் ஓலைச்சுவடிகளைத் தாண்டிப் போனால் ஒரு வரிசைப் படங்கள் இருக்கும். பதினாலாம் லூயி மன்னரின் ஓவியர் சார்ல் லெப்ரன் வரைந்தவை. மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டிருப்பார். முகத்தை வைத்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு சாஸ்திரம். சித்தப்பா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று ஊர்க்காரர்களை அடையாளம் சொன்னார். பஞ்சாயத்து போர்டு ஆள் ஒருவர், ஒரு மாட்டு வைத்தியர், என் அப்பா. (அப்பாவுக்கு எந்த மிருகம் என்று எழுதினால் வீட்டுக்குள் போக முடியாது.)

கொஞ்ச நேரம் கழித்து, "மூஞ்சியை வச்சு ஆளைச் சொல்லலாம்னா என்னைய என்னன்னு சொல்லியிருப்பான் இவன்?" என்றார். துண்டு தோளிலிருந்து மறுபடி கன்னத்துக்குப் போயிருந்தது. நான் பேச்சை மாற்ற, சரபோஜியைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ராஜா. ஆட்சி அதிகாரம் கும்பெனிக்காரனிடம் போய்விட்டது. மனிதர் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. புத்தகம் சேர்த்தார். தன்வந்திரி மகால் என்று வைத்து, நம் வைத்தியமும் வெள்ளைக்கார வைத்தியமும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க ஏற்பாடு செய்தார். அவர் காலத்து வைத்திய முறைகளை 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று இந்த நூலகமே புத்தகங்களாகப் போட்டிருக்கிறது. கண் நோய்க்குத் தனியாகவே ஒரு புத்தகம். 1827-ல் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளின் கேஸ் குறிப்புகள்கூட, கண்ணை வரைந்த படங்களோடு இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் என்ன கோளாறு, என்ன செய்தார்கள் என்று. இன்றைக்குச் சில இடங்களில் கேஸ் ஷீட்டைப் படிக்க மருந்துக் கடைக்காரர் வர வேண்டியிருக்கிறது.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை. சரபோஜி இங்கே கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1817-லிருந்து 1822-க்குள், ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்று ஒரு டாக்டர் (கவிஞரும்கூட!) சாசேஜ் விஷத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். தன் மேலேயே சோதித்தும் பார்த்தார். நரம்புக் கோளாறுகளுக்கு இந்த விஷமே ஒருநாள் மருந்தாகலாம் என்று அப்போதே எழுதிவைத்தார். அப்படி மருந்தானபோது முதலில் யார் கைக்குப் போயிற்று? கண் டாக்டர் கைக்கு! 1970-களின் கடைசியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்பவர் மாறுகண்ணுக்குப் போட்டுப் பார்த்தார். மாறுகண், இமைத் துடிப்பு இரண்டுக்கும் 1989-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சுருக்கக் கதை தற்செயல். 1987-ல் கனடாவின் வான்கூவரில் ஜீன் கேரதர்ஸ் என்ற கண் டாக்டரம்மா, இமை துடிக்கும் பெண் ஒருத்திக்கு ஊசி போட்டார். அந்தப் பெண் அடுத்த தடவை வந்து, 'புருவத்துக்கு நடுவில் ஏன் போடவில்லை? அங்கே போட்டால் முகம் கவலையில்லாமல் அழகாகிவிடுகிறதே' என்று கோபித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். கணவர் அலஸ்டர், தோல் டாக்டர். பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் பண்ணியிருக்க வேண்டும். தங்கள் கிளினிக் வரவேற்பறைப் பெண்ணுக்கே போட்டுப் பார்த்து, 1992-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். 2002-ல் புருவக் கோட்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி வந்தது. ஆக, சித்தப்பாவின் வியாதிக்கு வந்த மருந்தைத்தான் அழகு நிலைய போஸ்டர் பெண் பிற்பாடு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வந்தால் கடை வரிசையில் தலையாட்டி பொம்மைகள். வழவழப்பான முகம், ஒரு சுருக்கம் கிடையாது. முகம் துளியும் அசையவில்லை, தலை மட்டும் ஆடுகிறது. அளவு தெரியாமல் ஊசி போட்டுக்கொண்ட சில நட்சத்திரங்களை நீங்கள் பேட்டியில் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர்க்காரன் எப்போதோ செய்துவிட்டான்.

மீதி நேரத்துக்குப் பெரிய கோயில். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்தது. கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றுச் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர், அந்தப் பூச்சுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். சுமார் அறுநூறு வருட இடைவெளி. அப்புறம் தொல்லியல் துறை சில இடங்களில் மேல் ஓவியத்தைச் சேதமில்லாமல் தனியே உரித்து எடுத்து, கீழே இருந்ததை வெளியில் கொண்டு வந்தது. உள்சுற்றுக்குள் எல்லோரையும் விடுவதில்லை. சித்தப்பாவுக்கு வெளியில் நின்றே சொன்னேன். "மேலே பூசுனவனும் நல்லாத்தானே பூசியிருப்பான், பாவம்" என்றார். இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

'நரை, திரை, மூப்பு' என்று நம் ஆட்கள் மூன்றாகச் சொல்வார்கள். திரை என்றால் தோல் சுருக்கம். கடல் அலைக்கும் திரை என்றுதான் பெயர். பிசிராந்தையாரிடம் 'இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை?' என்று கேட்டதற்கு, நல்ல மனைவி, நல்ல மக்கள், சொன்னபடி கேட்கும் ஏவலர், நல்ல அரசன், ஊரில் நல்ல மனிதர்கள் என்று காரணம் சொன்னதாகப் புறநானூற்றில் வருகிறது. என் ஆபீஸுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

* * *

மாலை, சித்தப்பாவை மாடியில் ஒரு தடவை காட்டிவிட்டு இறங்கும்போது, என் கால்கள் தாமாகவே கீழ்த்தளத்துக்குள் நுழைந்தன. 'சும்மா விசாரிக்க' என்று சொல்லிக்கொண்டேன். உள்ளே இரண்டு இளைஞர்கள். ஒருவன் தை மாத மாப்பிள்ளை. இன்னொருவன் சேல்ஸ். "டயர்டா தெரியறேன்னு கஸ்டமர் சொல்றான் சார்" என்றான். மூன்று பேரும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்க்காமல் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புருவ நடுவுக்கு ஐந்து இடத்தில் மொத்தம் 20 யூனிட். யூனிட் 350 ரூபாய் என்றார்கள். ஆக 7,000. நான் பி.காம். அல்லவா, மனசுக்குள் லெட்ஜர் விரிந்தது. வருடத்துக்கு மூன்று தடவை, 21,000. அறுபது வயது வரைக்கும் இருபத்தைந்து வருடம். 5,25,000! சொத்து என்றால் வாங்கிப் போட்டுத் தேய்மானம் கழிக்கலாம். இது நாலு மாசத்தில் கரைகிற ரெவின்யூ செலவு. பேலன்ஸ் ஷீட்டில் வராது, முகத்தில்கூட நிற்காது. சித்தப்பாவிடம் தொகையைச் சொன்னேன். "அதுக்கு ஒரு மா நெலம் வாங்கிப் போடலாமேடா. அந்த வயல்ல வெடிப்பு விட்டாலும் தண்ணி வச்சா மூடிக்கும்."

டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, பொடி எழுத்தில் ஒரு சம்மதப் படிவத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். பாதியில் நிமிர்ந்தால் அவர் பேப்பரைப் பார்க்கவில்லை, என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண் டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

"பண்ணினதே இல்லை."

"கம்ப்யூட்டர் வேலையா? எழுத்தைப் பார்த்தா கண்ணைச் சுருக்கறீங்க. நாளெல்லாம் சுருக்கினா கோடு விழாம என்ன பண்ணும்? ஊசி போட்டா கோடு மறையும். பார்வை சரியாகாது. முதல்ல கண்ணைக் காட்டுங்க. அப்புறமும் வேணும்னா வாங்க, போட்டுக்கலாம்."

7,000 ரூபாயை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய டாக்டரை எனக்குத் தெரியும் என்று இனி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நாலு கடை தள்ளிக் கண்ணாடிக் கடை. இரண்டு கண்ணிலும் சிலிண்டர் பவர். "சிலிண்டரா? வீட்டுக்கு ரெண்டுதானே குடுப்பான்" என்றார் சித்தப்பா. இந்தத் தடவை நிஜமாகக் கண்ணடித்தாரா, தானாக அடித்ததா என்று தெரியவில்லை.

* * *

ஐந்தாம் நாள் சித்தி போன் பண்ணினாள். "நின்னுடுச்சு தம்பி" என்றவள், அதற்கு மேல் பேச முடியாமல் போனைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் கல்யாணத்துக்கு எத்தனை இலை ஆகும் என்று என்னிடம் விசாரித்தார்.

தையில் கல்யாணம் நடந்தது. சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தார். பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். கூட்டத்தில் யாரோ, "பொண்ணோட அப்பா ரொம்ப விறைப்பா இருக்காரே" என்றது காதில் விழுந்தது. சிரிக்கும்போது இடது பக்கம் சிரிக்கவில்லை, அவ்வளவுதான். அழும்போது இரண்டு கண்ணும் ஒழுங்காகவே அழுதன. புதுக் கண்ணாடி போட்டிருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் துடிப்பு லேசாகத் திரும்பிவிட்டது. பெண் கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, இனி எதற்குச் செலவு என்பார் என்று நினைத்தேன். அவரே போன் பண்ணினார்.

"டாக்டர்கிட்ட தேதி வாங்குடா தம்பி. வைகாசிக்குள்ள ஊசியைப் போட்டுடணும். பன்னெண்டாம் தேதி மேட்டூர் தொறந்துட்டா நாத்து விடுற வேலை வந்துடும், நம்மால நகர முடியாது."